ஹாலோவீனில் கலந்துகொள்ளலாமா? கிறிஸ்தவக் குடும்பங்களின் அக்டோபர் மாதக் கேள்வி

அமெரிக்காவின் குடியிருப்புத் தெருக்களில் அக்டோபர் 31, ஹாலோவீன் மாலை எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. வாசல் விளக்கு எரிந்தால், பிள்ளைகள் வரலாம், மிட்டாய் இருக்கிறது என்று பொருள். அணைந்திருந்தால் அந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை, ஏன் என்று கேட்பதும் இல்லை. வேலையிலிருந்து திரும்பாதவர், உடம்புக்கு முடியாதவர், மிட்டாய் வாங்க மறந்தவர் எல்லோரும் அந்த இருட்டில் அடக்கம். வேண்டுமென்றே விளக்கை அணைத்த கிறிஸ்தவக் குடும்பங்களும் அவர்களில் உண்டு. பக்கத்து வீட்டிலும் கிறிஸ்தவர்தான் இருப்பார். அதே வேதாகமம், சில வேளை அதே சபை. அங்கே வாசற்படியில் பூசணிக்காய் ஒன்று பல்லை இளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஒரே விசுவாசம் உடைய இரண்டு வீடுகள் எப்படி இரண்டு முடிவுக்கு வருகின்றன? இதைப் புரிந்துகொள்ள அந்த மாலையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் வேடம் போடுகிறார்கள். ஸ்பைடர்மேன், இளவரசி, தீயணைப்பு வீரர், எலும்புக்கூடு, சூனியக்காரி, வாழைப்பழம், எதுவாகவும் இருக்கலாம். சுமார் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, கையில் வாளியோ தலையணை உறையோ ஏந்தி வீடு வீடாகப் போய் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்று குரல் கொடுக்கிறார்கள். பல ஊர்களில் இந்த நேரத்தை நகராட்சியே குறித்துவிடும். ஏதாவது கொடு, கொடுக்காவிட்டால் குறும்பு செய்வோம் என்ற பழைய மிரட்டல் அது. இன்றைய பிள்ளைகள் மிட்டாயை வாங்கி நன்றி சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு ஓடுகிறார்கள், அவ்வளவுதான்.

பூசணிக்காய் வேலை அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு நடக்கும். காம்பைச் சுற்றிக் கத்தியைச் சாய்த்துப் பிடித்து மூடி வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். நாரையும் விதையையும் கரண்டியால் வழித்தெடுத்து, ஒரு பக்கம் கண், மூக்கு, பல் செதுக்கி, உள்ளே மெழுகுவர்த்தி வைத்தால் முகம் ஒளிரும். விதைகளை உப்புப் போட்டு அடுப்பில் வாட்டிக் கொறிப்பார்கள். ரொம்ப முன்னதாகச் செய்துவிட்டால் பூஞ்சை பிடித்து, பண்டிகை வருவதற்குள் முகம் பொக்கை வாய்க் கிழவனாகிவிடும்.

இதுவரை பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதே நாளின் பெயரில் வேறு காரியங்களும் நடக்கின்றன. புல்வெளியில் போலிக் கல்லறைகளும் பிளாஸ்டிக் கைகளும் நட்டுவைக்கும் அலங்காரம், டிக்கெட் வாங்கிக்கொண்டு அலறுவதற்காகவே போகும் பேய் வீடுகள், இரத்தம் தெறிக்கும் திரைப்படங்கள், பெரியவர்களின் குடி விருந்துகள், இறந்தவர்களோடு பேசலாம் என்று சொல்லி இளவட்டங்கள் விளையாட்டாக எடுக்கும் ஊஜா என்ற எழுத்துப் பலகை. இத்தனைக்கும் ஒரே பெயர் ஹாலோவீன். 'கலந்துகொள்ளலாமா, கூடாதா' என்ற கேள்வியின் சிக்கலே இங்குதான். கேள்வி ஒன்று, காரியங்களோ ஆறு ஏழு. ஒரு தாய் மறுப்பது ஊஜா பலகையை, இன்னொரு தாய் சம்மதிப்பது வாழைப்பழ வேடத்தை. இருவரும் ஒருவரையொருவர் வழிதவறியவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சரித்திரம் யார் பக்கம்?

இந்த விவாதம் தொடங்கினால் ஐந்தாவது நிமிடத்தில் சரித்திரம் வந்துவிடும். வேண்டாம் என்பவர்கள், இது அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பழைய மக்களான கெல்டியரின் சாவுப் பண்டிகை, பிசாசுக்குரிய நாள் என்பார்கள். வேண்டும் என்பவர்கள், இது முழுக்க முழுக்கத் திருச்சபையின் திருநாள் என்பார்கள். இருவருமே கொஞ்சம் அவசரப்படுகிறார்கள்.

நவம்பர் 1 மேற்கத்தியத் திருச்சபையில் எல்லாப் புனிதர்களின் திருநாள். அதன் முந்தைய நாள் மாலைதான் ஹாலோவீன். எட்டாம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரி என்ற போப் ரோமில் புனித பேதுரு ஆலயத்தில் எல்லாப் புனிதர்களுக்கும் ஒரு சிற்றாலயம் அர்ப்பணித்தார். 835இல் நான்காம் கிரகோரி காலத்தில் நவம்பர் 1 பிராங்கியப் பேரரசு முழுவதற்கும் திருநாளாயிற்று. பிறகு கிளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ, பதினோராம் நூற்றாண்டையொட்டி, நவம்பர் 2ஐ இறந்தவர்களுக்காக மன்றாடும் நாளாக்கினார். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் நவம்பர் 2இல் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் வந்து மந்திரிக்கக் காத்திருக்கிறார்களே, அந்தக் கல்லறைத் திருநாள் இதுதான். ஹாலோவீனும் கல்லறைத் திருநாளும் ஒரே மூன்று நாள் வரிசையின் முதலும் கடைசியும். தூத்துக்குடியில் ஒரு கத்தோலிக்கப் பாட்டிக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்.

கெல்டியர் பக்கமும் உண்மை உண்டு. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அதே பருவத்தில் சௌவின் என்ற பருவ விழா இருந்தது. கோடை மேய்ச்சலிலிருந்து மாடுகள் திரும்பும் காலம், வருடத்தின் இருண்ட பாதியின் தொடக்கம். பழைய ஐரிஷ் கதைகளில் விசித்திரமானவை நடப்பது பெரும்பாலும் அந்த இரவில்தான். ஆனால் அந்தக் கதைகளை எழுதிவைத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள், அதுவும் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு. கிறிஸ்தவத்துக்கு முன் அந்த நாளில் இன்ன சடங்கு நடந்தது, இன்ன தெய்வத்துக்குப் பலி கொடுத்தார்கள் என்று அடித்துச் சொல்லுமளவுக்கு நேரடிச் சான்று குறைவு. இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஆரம்ப கால ஐரிஷ் திருச்சபை எல்லாப் புனிதர்களையும் நினைவுகூர்ந்தது ஏப்ரல் 20இல். சௌவினை விழுங்குவதற்காகவே போப் தேதியை மாற்றினார் என்ற பிரபலமான கதையை, பிரிட்டிஷ் பருவ விழாக்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ரொனால்டு ஹட்டன் போன்றவர்கள் இதைக் காட்டித்தான் கேள்வி கேட்கிறார்கள்.

வீடு வீடாகப் போகும் வழக்கமும் கலவையானது. இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகள் வீட்டு வாசலில் நின்று, உங்கள் வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிறோம் என்று சொல்லி, அதற்கென்று சுட்ட சிறு ரொட்டிகளை வாங்கிக்கொண்டார்கள். உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆத்துமாக்களுக்கு அந்த ஜெபம் உதவும் என்பது நம்பிக்கை. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் வேடமிட்டுப் பாடி வாங்கினார்கள். அங்கே முகம் செதுக்கியது டர்னிப் கிழங்கில். 1840களின் பஞ்சத்துக்குப் பின் ஐரிஷ் மக்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்கு வந்தபோது வழக்கமும் கூட வந்தது. அங்கே கிழங்கைவிடப் பெரிதாக, குடைவதற்கு எளிதாகப் பூசணி கிடைத்தது.

நாம் இன்று காணும் மிட்டாய் ஹாலோவீன் நூறு வயதுகூட ஆகாதது. 1920களிலும் 30களிலும் அந்த இரவு பையன்கள் வேலிகளைப் பெயர்ப்பதும் ஜன்னல்களை உடைப்பதுமாக இருந்தார்கள். கையில் இனிப்பைக் கொடுத்து அவர்களை அடக்கலாம் என்று ஊர்கள் கண்டுகொண்டன. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்து வழக்கம் சற்று ஓய்ந்தது. 1947இல் ரேஷன் நீங்கியதும் மிட்டாய்க் கம்பெனிகள் களத்தில் இறங்கின. 2023இல் இந்த ஒரு பண்டிகைக்கு அமெரிக்கர்கள் 1,220 கோடி டாலர் செலவிடுவார்கள் என்று அங்குள்ள சில்லறை வணிகக் கூட்டமைப்பு மதிப்பிட்டது. பிசாசைத் தேடுகிறவர்கள் முதலில் இந்தத் தொகையில் தேடலாம் என்பது என் எண்ணம்.

சரித்திரத்தை வைத்து மட்டும் முடிவெடுத்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதே அளவுகோலைக் கிறிஸ்துமஸ் மேல் வைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் வைத்தார்கள். மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். மரம், தேதி, விருந்து எதுவும் வேதத்தில் இல்லை என்பது அவர்கள் வாதம். அவர்களாவது ஒரே தராசில் இரண்டையும் நிறுத்தார்கள்.

சீர்திருத்தச் சபைகளின் சங்கடம்

மார்ட்டின் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்துக்கு எதிராகத் தம் 95 குறிப்புகளை வெளியிட்டது 1517 அக்டோபர் 31இல். தேதி தற்செயலாக அமைந்ததாகத் தெரியவில்லை. விட்டன்பர்க் கோட்டை ஆலயத்தின் பெயரே எல்லாப் புனிதர் ஆலயம். மறுநாள் திருநாளுக்கு அங்கிருந்த திருப்பண்டங்களைக் காண மக்கள் திரளுவார்கள். ஆக, சீர்திருத்தமே ஹாலோவீன் அன்று பிறந்தது. லூத்தரன் சபைகள், நம் தரங்கம்பாடி வழிவந்தவை உட்பட, இந்த நாளைச் சீர்திருத்தத் திருநாளாகவே அறியும்.

உத்தரிக்கிற ஸ்தலமும் இறந்தோருக்கான ஜெபமும் தள்ளப்பட்ட பிறகு, சீர்திருத்த நாடுகளில் இந்த மாலைக்கு வழிபாட்டுப் பொருள் இல்லாமல் போயிற்று. வெற்றிடத்தில் விளையாட்டும் பேய்க் கதையும் குடியேறின. கத்தோலிக்க வீட்டில் ஹாலோவீன் மறுநாள் திருப்பலியோடு சேர்ந்தே இருப்பதால் மனம் எளிதாக ஏற்கிறது. பெந்தெகொஸ்தே அல்லது பாப்டிஸ்ட் வீட்டில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இல்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கோ எல்லாப் புனிதர் நாள் பெந்தெகொஸ்தே முடிந்த முதல் ஞாயிறு, அக்டோபர் 31 நாட்காட்டியில் வெறும் ஒரு நாள்தான்.

இவ்வளவுக்கும், அமெரிக்கச் சபைகள் எப்போதும் ஹாலோவீனை வெறுத்துவந்தன என்று நினைப்பது தவறு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆலயக் கூடங்களிலேயே ஹாலோவீன் விருந்துகள் சாதாரணமாக நடந்தன. சுவிசேஷச் சபைகளில் மறுப்பு வலுத்தது 1970களிலும் 80களிலும். திகில் படங்கள் பெருகின, சாத்தான் வழிபாட்டுக் கும்பல்கள் பிள்ளைகளைக் கடத்துகின்றன என்ற பீதி நாடெங்கும் பரவியது, மிட்டாயில் விஷம் என்ற வதந்தி ஆண்டுதோறும் வந்தது. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல பத்தாண்டுச் செய்திகளைத் துருவிப் பார்த்து, முன்பின் தெரியாதவர் தந்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு பிள்ளை இறந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார். 1974இல் டெக்சஸில் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாயால் இறந்தது உண்மை. ஆனால் கொடுத்தவர் காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவன் சொந்தத் தகப்பன்.

வேதத்தில் எந்த வசனம்?

ஹாலோவீன் என்ற பெயர் வேதத்தில் கிடையாது. ஒவ்வொரு தரப்பும் எடுக்கும் வசனம் வேறு.

வேண்டாம் என்பவர்களின் முதல் வசனம் உபாகமம் 18. குறிசொல்லுகிறவன், சூனியக்காரன், மந்திரவாதி, செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் யாரும் உங்களுக்குள்ளே இருக்கக் கூடாது என்ற கட்டளை. இது ஊஜா பலகைக்கும் சீட்டுப் பார்த்துக் குறிசொல்வதற்கும் நேராகப் பொருந்தும். ஹாலோவீனைக் கொண்டாடும் கிறிஸ்தவர்களிலும் பலர் இந்த இடத்தில் கோடு கிழித்துவிடுகிறார்கள். வாழைப்பழ வேடத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை. சூனியக்காரி வேடத்துக்குப் பொருந்துமா என்பதில்தான் நியாயமான வாக்குவாதம் இருக்கிறது.

அடுத்தது 1 தெசலோனிக்கேயர் 5:22, 'பொல்லாங்காய்த் தோன்றுகிற எல்லாவற்றையும் விட்டு விலகுங்கள்.' இதைத் தனியாக எடுத்தால் எந்தக் கதவையும் சாத்திவிடலாம். முந்தின வசனங்கள் தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாமல் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கின்றன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையிலான பகுதி. விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்னலாமா என்பது கொரிந்து சபையின் கேள்வி. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது பழங்கதை இல்லை. ஆயுத பூஜையன்று அலுவலகத்தில் கொடுக்கும் பொரி கடலையைக் கையில் வாங்கியவர்களுக்கும், தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்த அதிரசத்தை அடுக்களையில் வைத்துவிட்டு, சாமிக்குப் படைத்ததா என்று அம்மா முகத்தைப் பார்த்தவர்களுக்கும் இந்த அதிகாரம் வீட்டு விஷயம். பவுலின் பதில் ஒற்றை வரியில் முடிவதில்லை. விக்கிரகம் ஒன்றுமில்லை, கடையில் விற்பதை மனச்சாட்சியின் பொருட்டு விசாரிக்காமல் புசிக்கலாம் என்கிறார். ஆனால் படைத்தது என்று ஒருவன் சொல்லிவிட்டால் அவனுக்காக விட்டுவிடு என்கிறார். கோயில் பந்தியில் உட்காருவதை அடியோடு மறுக்கிறார். பலகாரம், பக்கத்தில் இருப்பவனின் மனச்சாட்சி, வழிபாட்டுப் பந்தி என்று மூன்றையும் பிரித்துப் பார்க்கிறார். ஹாலோவீனுக்கு வேண்டியதும் இந்தப் பிரித்துப் பார்க்கும் வேலைதான். ரோமர் 14, அவனவன் தன் மனதில் நிச்சயத்தோடு இருக்கட்டும், மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம் என்று இதற்கு வேலி கட்டுகிறது.

சபைகள் கண்டுபிடித்த மாற்று வழிகள்

முழு மறுப்புக்கும் முழுச் சம்மதத்துக்கும் நடுவே அமெரிக்கச் சபைகள் ஒரு முழு உலகத்தையே கட்டியிருக்கின்றன. கத்தோலிக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் புனிதர் வேடம் போடுவார்கள், அம்புகள் தைத்த செபஸ்தியாரும் பிரான்சிஸ் அசிசியாரும் வரிசையில் நிற்பார்கள். அறுவடை விழா என்ற பெயரில் வைக்கோல் கட்டும் ஆப்பிள் சாறும் வைப்பவர்கள் உண்டு. மிகப் பரவலானது 'ட்ரங்க் ஆர் ட்ரீட்'. ஆலயத்தின் கார் நிறுத்துமிடத்தில் விசுவாசிகள் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து, நோவாவின் பேழை, யோனாவின் மீன் என்று அலங்கரித்து, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார்கள். வேடம் உண்டு, மிட்டாய் உண்டு, பூசணியும் உண்டு. ஹாலோவீன் மட்டும் இல்லை என்பார்கள். எனக்குச் சிரிப்பு வராமல் இல்லை. ஆனாலும் வேகமாகக் கார்கள் ஓடும் சாலைகளுக்கு நடுவே, நடைபாதையே இல்லாத புறநகர்களில் சிறு பிள்ளைகளுக்கு அது பத்திரமான இடம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இழப்பு ஒன்று உண்டு: பிள்ளைகள் போவது சபைக்காரர் கார்களுக்கு. வருடத்தில் ஒரே ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் தானாக வந்து கதவைத் தட்டுவார், அன்று வீட்டில் ஆள் இருக்காது.

பயத்தையே ஊழியமாக்கியவர்களும் உண்டு. 1970களில் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில் ஜெர்ரி ஃபால்வெல் என்ற பாப்டிஸ்ட் போதகரின் கல்லூரி, பேய் வீட்டைப் போலவே இருட்டறைகளைக் காட்டி முடிவில் சுவிசேஷம் சொல்லும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. பிறகு நரக வீடுகள் என்ற பெயரில் பல சபைகள் அதைப் பின்பற்றின. ஜாக் சிக் என்பவர் வரைந்த சிறு சுவிசேஷக் கார்ட்டூன் கைப்பிரதிகளை மிட்டாயோடு பையில் போடுவது இன்னொரு வழக்கம். மிட்டாய் இல்லாமல் கைப்பிரதியை மட்டும் போடுகிறவர்களைப் பற்றி அந்தத் தெருப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

நான் மதிப்பது வேறொரு குடும்பத்தை. 1950இல் பிலடெல்பியாவில் கிளைடு அலிசன் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகரும் அவர் மனைவி மேரி எம்மாவும், தம் பிள்ளைகளைப் பால் அட்டைப்பெட்டிகளோடு அனுப்பி, மிட்டாய்க்குப் பதிலாக வெளிநாட்டுக் குழந்தைகளுக்காக யுனிசெஃபுக்குச் சில்லறை கேட்க வைத்தார்கள். அந்தச் சிறிய முயற்சி பிறகு நாடு முழுவதும் பரவியது. வேடத்தை விடவில்லை, தெருவையும் விடவில்லை. வாங்கும் கையைத் திருப்பிவிட்டார்கள்.

வீட்டுக்குள் பேசவேண்டியவை

வட அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நியூ ஜெர்சியில் பிறந்த பிள்ளைக்கு எலும்புக்கூடு ஒரு கேலிச்சித்திரம். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்குப் பிசாசு பிடித்தல் என்பது கண்ணால் பார்த்த காரியம், உபவாசம் இருந்து ஜெபித்துத் துரத்தவேண்டிய ஒன்று. வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் உருவத்தைப் பார்த்து அவர் ஜெபிக்கத் தொடங்குவதைப் படிப்பறிவு இல்லாமை என்று தள்ளுவது பெரிய அவமரியாதை. பவுல் சொன்ன பக்கத்தில் இருப்பவனின் மனச்சாட்சி இந்த வீட்டில் பாட்டியின் உருவத்தில் சோபாவில் உட்கார்ந்திருக்கிறது. எலும்புக்கூட்டை எடுத்துவிட்டுப் பூசணியை மட்டும் வைப்பதால் பிள்ளைக்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது.

மறுக்கும் குடும்பங்கள் காரணத்தைப் பிள்ளைக்குப் புரியும் அளவில் சொல்லிவிடுவது நல்லது. 'அவர்கள் பிசாசைக் கும்பிடுகிறார்கள்' என்று சொல்லி அனுப்பினால், அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்பில் அதையே உரக்கச் சொல்லும். 'நம் வீட்டில் இதைச் செய்வதில்லை, சாவையும் இருட்டையும் விளையாட்டாக்க நமக்கு மனம் வரவில்லை' என்றால் பிள்ளைக்கும் புரியும், யாருக்கும் புண்படாது. வகுப்பு விருந்து நாளில் பிள்ளையை வேறு வேலையில் விட முடியுமா என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள். பல பள்ளிகள் இப்போது அதை இலையுதிர்கால விருந்து என்றே அழைக்கின்றன. அன்று மாலை பிள்ளைக்கு வேறு ஏதாவது ஏற்பாடு அவசியம் வேண்டும். இருட்டு வீட்டில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று மற்றப் பிள்ளைகளின் வாளிகளை எண்ணிக்கொண்டிருந்தால் கற்றுக்கொள்வது விசுவாசத்தை இல்லை, ஏக்கத்தை.

சம்மதிக்கும் குடும்பங்கள் எல்லையைக் கடைக்குப் போகும் முன்பே பேசிவிட வேண்டும். கடையில் இரத்தக் கறை முகமூடியைக் கையில் பிடித்திருக்கும் பத்து வயதுப் பையனிடம் இறையியல் பேசிப் பயனில்லை. ஐந்து வயதில் ஒத்துக்கொண்டது பதினைந்து வயதில் வேறு உருவம் எடுக்கும். அப்போது அவன் கேட்பது மிட்டாய் இருக்காது, நண்பர் வீட்டில் இரவு முழுவதும் ஓடும் திகில் பட வரிசையாக இருக்கும். ஒருமுறை எடுத்த முடிவை ஆண்டுதோறும் புதிதாகப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முடிவு எதுவானாலும், ஒவ்வொரு சில ஆண்டுகளுக்கும் ஒரு கூடுதல் சிக்கல் வரும். அக்டோபர் 31 ஞாயிற்றுக்கிழமையில் விழும். 2021இல் அப்படி வந்தது, அடுத்தது 2027இல். காலையில் ஆராதனை, மாலையில் முகமூடி என்பது பல சபைகளுக்குத் தொண்டையில் சிக்குகிறது. தெற்கு மாநிலங்களில் சில ஊர்கள் அப்போது ட்ரிக் ஆர் ட்ரீட்டைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிடுகின்றன. பக்கத்து ஊர் மாற்றாமல் விட்டுவிடும். அதனால் நகராட்சி அறிவிப்பை அந்த வாரத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். ஞாயிறுதானே என்று இருந்தால் சனிக்கிழமை மாலையே வாசலில் நான்கு ஸ்பைடர்மேன்கள் நிற்பார்கள், வீட்டில் பிஸ்கட் பொட்டலம்கூட இருக்காது.